சனிக்கிழமை பத்து பன்னிரண்டு

என் தம்பி மனைவிக்கு எண்பத்தாறு வந்த அன்று நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை. எனக்குத் தண்ணீரின் சத்தம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"அண்ணி! எண்பத்தாறு!" அறைக்குள்ளிருந்து அவள் கத்தினாள். நாங்கள் தேர்வுக்குப் படிக்கும் இணையதளத்தில் மாதிரித் தேர்வு முடிந்த கையோடு மதிப்பெண் பச்சை வட்டத்துக்குள் வந்து நிற்கும். என்னுடையது முந்தின நாள் மஞ்சள் வட்டத்துக்குள் நின்றிருந்தது. எழுபத்தொன்று.

"நல்லது," என்றேன் குழாயிடம்.

அவளை நாங்கள் மைனா என்று கூப்பிடுவோம். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதைக்கூட வாய்விட்டுப் படிப்பவள் என்பதால் தம்பி வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு கடையை மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்குக் கணினியில் தெரிந்ததெல்லாம் பில் போடுவதும் சீட்டு விளையாடுவதும்தான்.

நான் ஆறு வருடமாக ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் உதவி மேசையில் இருக்கிறேன். காதில் ஹெட்செட். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதியது தருவேன். திரை கறுப்பாக இருக்கிறது என்று அழுபவர்களிடம் சுவிட்சைப் பார்க்கச் சொல்வேன். என் மேசைக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் பாதுகாப்புக் கண்காணிப்பு அறை. மூன்று பெரிய திரைகள், மங்கலான நீல வெளிச்சம், நாலு பேர். அவர்களை யாரும் தொலைபேசியில் திட்டுவதில்லை. மீன் தொட்டிக்கு வெளியே நிற்கும் பூனை மாதிரி நான் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போகக் கணினிப் பாதுகாப்பில் முதல் படிச் சான்றிதழ் வேண்டும். போன வருடம் எழுதினேன். கொஞ்ச மதிப்பெண்ணில் போனது. இந்த மாதம் அங்கே ஒரு நாற்காலி காலியானது. "மாசக் கடைசி வரைக்கும் பிடிச்சு வெக்கறேன். சர்டிபிகேட்டோட வா. இல்லேன்னா வெளியிலேருந்து எடுத்துடுவாங்க," என்றார் மேற்பார்வையாளர்.

மைனா இந்தப் படிப்புக்குள் வந்தது என்னால்தான். நானூறு அட்டைகள் எழுதி வைத்திருந்தேன், முன்னால் கேள்வி, பின்னால் பதில். சும்மாத்தானே இருக்கிறாள், பிடித்துக்கொண்டு கேட்கட்டும் என்று அவளிடம் கொடுத்தேன்.

"அண்ணி, ஒருத்தர் ரெண்டு கையிலயும் டப்பாவோட வராரு. உங்க கார்டைக் காட்டித் திறந்த கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்கன்னு கேக்கறாரு. பிடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"மழை பெய்யுதுன்னா?"

"மாட்டேன்."

"புள்ளத்தாச்சியா இருந்தா?"

"கையில டப்பாவோட வர்ற அவரு எப்படிடி புள்ளத்தாச்சி ஆனாரு? அட்டையில இருக்கறத மட்டும் கேளு."

பத்து நாளில் அவள் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் தப்பாகச் சொன்னால் பின்பக்கம் பார்க்காமலேயே, "இல்லையே அண்ணி," என்றாள். எனக்குள் முதல் முள் ஏறியது அன்றைக்குத்தான்.

அதைத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். கட்டட வரைபடம் போடுபவன், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. "நீயும் எழுதேன் மைனா," என்றான். மறுநாளே முதுகு சாயும் நாற்காலி ஒன்று அவளுக்காக வந்து இறங்கியது. நான் இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து படித்தவள். என்னிடம் அவன் ஒரு தடவைகூட, "முதுகு வலிக்குதாக்கா?" என்று கேட்டதில்லை. வலித்தது.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. கதவு சாத்திய தனி அறை வேண்டும். தேர்வுக் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறைதான் உண்டு. அதனால் எனக்குச் செவ்வாய், அவளுக்குப் புதன் என்று பதிவு செய்தோம்.

குழாய்ச் சத்தம் அவளுக்கு எட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு அவள் மதிப்பெண்ணைக் கத்தவில்லை. கேட்டால், "ஏதோ, பரவாயில்ல அண்ணி," என்றாள். அந்தப் 'பரவாயில்ல'வை என்னால் தாங்க முடியவில்லை. கத்தினாலாவது எவ்வளவு என்று தெரியும். தெரியாத எண் ராத்திரியும் பகலும் வளர்ந்துகொண்டே போனது. பஸ்ஸில் போகும்போது தொண்ணூறு. திரும்பி வரும்போது தொண்ணூற்றைந்து.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. வீடு திரும்பி, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்தபோது மாலை மூன்றரை தாண்டியிருந்தது. அவளும் தம்பியும் செருப்பு வாங்கப் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசையில் தம்பியின் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. தேர்வுத் தளத்தில் மைனாவின் கணக்கைத் திறந்து கொடுத்தவள் நான். முதல் கடவுச்சொல் நான் வைத்தது. அவள் மாற்றியிருக்க மாட்டாள் என்று எனக்கு எப்படியோ தெரிந்தது. மாற்றியிருக்கவில்லை.

அந்த எண்பத்தாறுக்கு அப்புறம் பதினோரு தேர்வுகள். ஒன்றும் எண்பத்தெட்டுக்குக் கீழே இல்லை. கடைசி மூன்று: தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்று. பாடவாரியான பட்டியலில் எல்லாமே பச்சை. 'பதிவேடுகளை வாசித்தல்' மட்டும் மஞ்சள். அந்த ஒரு மஞ்சளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெளியேறி, உலாவியில் என் தடத்தை அழித்து, மடிக்கணினியை இருந்த கோணத்திலேயே திருப்பி வைத்தேன்.

புதிய கருவியிலிருந்து யாராவது நுழைந்தால் அந்தத் தளம் கணக்குக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பும். இதை நான் ஆறு வருடமாக ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் மைனா தன் மடிக்கணினியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கண் பளபளத்தது.

"அண்ணி, யாரோ என் அக்கவுண்டுக்குள்ள வந்திருக்காங்க! நிஜமாவே! வாங்க, கண்டுபிடிக்கலாம். புக்ல இருக்கற மாதிரியே, ஒவ்வொரு ஸ்டெப்பா."

"விடு, விளம்பர மெயிலா இருக்கும்."

"இல்ல, பாருங்க. நீங்கதான் சொல்லித் தரணும். நீங்க சீனியரு."

நோட்டு, பேனா எல்லாம் கொண்டு வந்திருந்தாள். தொலைதூர நாட்டில் எங்கோ ஒரு திருடன் இருட்டறையில் உட்கார்ந்து தன் மதிப்பெண்ணைத் திருடிவிட்டான் என்று நினைத்தாள் போல. கணக்கின் நுழைவுப் பதிவேட்டைத் திறந்து, விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தாள். நுழைந்த இணைய முகவரியை எழுதினாள். எங்கள் வீட்டு இணைய இணைப்பின் முகவரியைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டும் ஒன்று.

அவள் குரல் இறங்கியது. "வீட்டுக்குள்ளேருந்து."

அடுத்த வரியில் கருவியின் வகை இருந்தது. தம்பியின் மடிக்கணினியேதான். அதற்கடுத்து நேரம். சனிக்கிழமை, 10:12.

"நேத்து காலைல பத்து பன்னண்டு," என்றாள் மெதுவாக. "நீங்க ஆபீஸ். நான் பல் டாக்டர்கிட்ட. வீட்ல இருந்தது அவர் ஒருத்தர்தான்."

பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நேரங்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் தரப்பட்டுள்ளன. பல ஊர் இயந்திரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கப் பதிவேடுகளை ஒரே பொதுக் கடிகாரத்தில் எழுதுவார்கள். அவரவர் ஊருக்கு ஏற்றபடி நாம்தான் மணிகளைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் போன வருடம் நான் இரண்டு கேள்விகளைக் கோட்டை விட்டேன். எங்கள் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அந்தப் பத்து பன்னிரண்டு, காலையாக இருக்க வாய்ப்பே இல்லை. மாலை. அவர்கள் இருவரும் செருப்புக் கடையில் இருந்த மாலை.

முதலில் வந்தது பயம் அல்ல. சந்தோஷம். தொண்ணூற்று மூன்று வாங்கியவளுக்கு இது தெரியவில்லை! எனக்குத் தெரிகிறது! அந்த எழுத்துகளின் மேல் அவள் விரல் இரண்டு தடவை போய் வந்தது. நின்று பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பயம் அதற்கப்புறம்தான், நிதானமாக, நடந்து வந்து சேர்ந்தது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாதது ஒன்னு சொல்லவா?" அவள் நோட்டை மூடினாள். "எங்க வீட்ல ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போனைக் கொண்டு போய் எங்கண்ணன்கிட்ட குடுக்கணும். அவன் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் திருப்பித் தருவான். இருபத்தஞ்சு வயசு வரைக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தம்பிகிட்ட நான் வேற எதுவும் கேக்கல. என் போனு, என் மெயிலு, எதையும் எனக்குத் தெரியாம திறக்கக் கூடாது. அது ஒன்னுதான் கேட்டேன். சத்தியம் பண்ணினாரு."

எழுந்து தம்பியிடம் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

"நான் எதுக்கு மைனா பாக்கப் போறேன்?" தம்பி சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். "உன் மார்க்கைத்தான் தினம் காலைல காபியோட சேத்து எனக்கு ஊத்திடறியே!"

ஆக, அவனிடம் சொல்லியிருக்கிறாள். தினமும். என்னிடம்தான் பரவாயில்ல. அந்த நேரத்திலும் எனக்குள் அது சுருக்கென்றது.

"அப்போ நான் சொன்னது நெஜமான்னு பாத்தீங்களா?"

"ஏய், இல்லடி!"

"உங்க லேப்டாப். நம்ம வீடு. நீங்க மட்டும் இருந்த நேரம். வேற யாரு?"

அவன் வெளியே வந்தான். பின்னால் அவள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீரில் விழுந்தவன் கரையைப் பார்ப்பது போல ஒரு நம்பிக்கை. "அக்கா, நீயாவது சொல்லேன். இந்த வேலையிலேயே இருக்கற. அதுல தப்பு வராதா?"

"பதிவுல இருக்கறது அதான்டா," என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சுத்தமான ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

திங்கள் காலையில் வீட்டில் மூன்று பேரும் மூன்று திசையில் காபி குடித்தோம். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கண்ணாடிக் கதவைக் காட்டி, "நாளைக்குத்தானே? நாற்காலியைத் துடைச்சு வெக்கவா?" என்றார். நான் சிரித்தேன். அன்று பதினேழு பேருக்குக் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும், "நீங்கதான்னு நான் எப்படி உறுதி பண்ணிக்கறது?" என்று கேட்டேன். அது நாங்கள் வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வி. அன்று அதைக் கேட்டபோதெல்லாம் கண்ணாடிக் கதவின் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அறைக் கட்டிலில் பை திறந்திருந்தது. மைனா துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கக்கா வீட்டுக்கு. கொஞ்ச நாள்."

"புதன்கிழமை பரீட்சை?"

"அந்த வீட்ல குளிக்கற ரூமுக்கு மட்டுந்தான் கதவு இருக்கு அண்ணி. நாலு பசங்க வேற. அங்க எங்க எழுதறது?" புடவை ஒன்றை நாலாக மடித்தாள். "தேதியும் இனி மாத்த முடியாதாம். பாத்துட்டேன். போனாப் போகட்டும். நீங்க நல்லா எழுதுங்க."

நான் கேட்காமலேயே யாரோ வாசலில் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது. அவள் எழுத மாட்டாள். நான் மட்டும் எழுதுவேன். நான் மட்டும் தேறுவேன். அவளுடைய தொண்ணூற்று மூன்று எந்தக் காகிதத்திலும் ஏறாமல், யாருக்கும் தெரியாமல், கரைந்து போகும். நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. "பாத்துப் போ," என்று சொன்னால் போதும்.

சொல்ல வாயெடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கூடத்துக்கு வந்தேன்.

தம்பி மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் வரைபடம் இல்லை, ஒன்றும் இல்லை. கையில் ஒரு பழைய கட்டணச் சீட்டின் பின்பக்கம். அதில் சனிக்கிழமை காலையை எழுதி வைத்திருந்தான். எட்டு மணி குளியல். எட்டே முக்கால் படிக்கட்டு வரைபடம். ஒன்பதரை வாடிக்கையாளர் போன். பத்து மணிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அக்கா," என்றான் தணிந்த குரலில். "போன் பேசிக்கிட்டே எதையாவது அமுக்கியிருப்பேனோ? எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நீ பாத்துட்டு அதான்னு சொல்றப்போ... நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் திறந்திருப்பேனோ என்னவோ. போய் மன்னிப்புக் கேட்டுடவா?"

செய்யாததைச் செய்ததாக அவன் நம்ப ஆரம்பித்துவிட்டான். அவன் ஞாபகத்தைவிட என் வார்த்தை அவனுக்குப் பெரிதாக இருந்தது. நாற்காலி வாங்கித் தராத தம்பி. முதுகு வலிக்கிறதா என்று கேட்காத தம்பி. இப்படி ஒன்றை எனக்குக் கொடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"கேக்காத," என்றேன். "உள்ள வா."

அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் நின்றேன். மைனா நிமிரவில்லை.

"அந்த நேரம் நம்ம நேரம் இல்ல," என்றேன்.

"எந்த நேரம்?"

"பத்து பன்னண்டு. அது பொது நேரம். பக்கத்துக்கு அடியில சின்னதா போட்டிருக்கும். நம்ம ஊருக்குக் கூட்டணும்."

அவள் கையிலிருந்த துணியை வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் சத்தமில்லாமல் ஒன்றைப் படித்து அப்போதுதான் பார்க்கிறேன். எண்ணி முடித்தாள். சனிக்கிழமை மாலைக்குப் போனாள். செருப்புக் கடைக்குப் போய், திரும்பி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"நீ எவ்வளவு வாங்கறன்னு பாக்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருக்க மாட்ட. பரவாயில்லன்னு சொல்லியிருப்ப."

"பாஸ்வேர்டை மாத்தணும்னு எனக்குத் தெரியும்," என்றாள். "முதல் பாடமே அதான். நீங்க வெச்சுக் குடுத்ததுன்னு விட்டேன்."

வாசலில் தம்பி நின்றிருந்தான். "அக்கா... நீயா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்தே உங்களுக்குத் தெரியும்," என்றாள் மைனா. "நான் பத்து பன்னண்டுன்னு தப்பா படிச்சப்பவே தெரியும். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தீங்க. மாட்டிப்போம்னு பயந்து சொல்லாம இருந்தீங்களா?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். பயத்தை மன்னிப்பது சுலபம்.

"அது அப்புறம். மொதல்ல, நீ தப்பு பண்ணினது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள், அது பீப் பீப் என்றது. மைனா தம்பியிடம் போனாள். "நம்பியிருக்கணும். தப்புதான்," என்றாள். அவன் அவள் தோளைத் தொட்டான். இருவரும் எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். அந்த நேரத்திலும் அந்த இரண்டு முதுகுகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என்ன செய்ய.

கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நாளைய தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து மைனா வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பை இன்னும் கட்டிலில் திறந்துதான் இருந்தது, கதவு வழியாகத் தெரிந்தது. அதிலிருந்து நோட்டை மட்டும் எடுத்து வந்திருந்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தாள்.

"எப்போ கூட்டணும், எப்போ கழிக்கணும்?" என்றாள்.

'அண்ணி' என்று சொல்லவில்லை.

"இது ஒன்னுதான் எனக்கு வரல. புதன்கிழமை கேப்பாங்க. உங்களுக்குத் தெரியும். முழுசா சொல்லுங்க. எதையும் விட்டுடாம."

நான் ஒரு தாளை எடுத்தேன். நடுவில் பொதுக் கடிகாரத்தை வரைந்தேன். வலப்பக்கம் கிழக்கே இருக்கும் ஊர்கள், இடப்பக்கம் மேற்கே இருக்கும் ஊர்கள். கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. நள்ளிரவைத் தாண்டினால் தேதியும் மாறும். இரண்டு ஊர்ப் பதிவேடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் இரண்டையும் பொது நேரத்துக்குக் கொண்டு வந்துவிடு. சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள், அதையும் பார். இரண்டு வருடத்தில் தட்டுத் தடுமாறி நான் பொறுக்கிய அத்தனையையும் கொடுத்தேன். வேகமாகச் சொல்லி மழுப்பலாமா என்று ஒரு இடத்தில் தோன்றியது. அந்த இடத்தை இரண்டு தடவை சொன்னேன்.

ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்று ஊர்கள், நான்கு நுழைவுகள், எது முதலில் நடந்தது? அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெதுவாக, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது மூன்று நாள் ஆனது, அப்புறமும் தப்பு.

"மூணாவது, ஒன்னாவது, நாலாவது, ரெண்டாவது," என்றாள். "நாலாவது மறுநாள் தேதி."

சரிதான். ஒரே தடவையில்.

நெஞ்சுக்குள் விக்கல் மாதிரி அது மறுபடி ஏறி வந்தது. அதை விழுங்கிவிட்டு, "அடுத்தது கொஞ்சம் கஷ்டம்," என்று தாளின் மறுபக்கத்தைத் திருப்பினேன்.